மூத்தவள் கொத்தும் வரை

— அப்ப அந்தச் சேமே ஊர்க்காரி ஓடையில வச்சு சொன்னது பொய்யில்ல. உன் வாயாலயே ஒத்துக்கிட்ட.

— ஒத்துக்காம என்ன? நான் யார் வீட்டுலயும் திருடல. என் கொல்லையில மொளைச்ச கயோங்கோக் களையை நான் பிடுங்கினேன். விடிஞ்சதும் போனேன், குனிஞ்சேன், பிடுங்கினேன். உங்க கொல்லைப் பக்கம் திரும்பிக்கூட பாக்கல.

— என்னைத் தாண்டிப் போய்ப் பிடுங்கினே. அதைச் சொல்லு, அகொலா.

— தாண்டித்தான் போனேன், அபுதோ அக்கா. போதுமா? ஊர் கேக்கணும்னா இன்னும் சத்தமாச் சொல்றேன்.

— சத்தமா வேற சொல்லுவியா? ஏண்டி, ஒடுண்டோவுக்கு முதல் பொண்டாட்டி நானா நீயா? இந்த வீட்டுல விதை எடுக்கறது முதல்ல நான். களை கொத்தறது முதல்ல நான். அறுத்த கதிரை வீட்டுக்குள்ள கொண்டுவர்றது முதல்ல நான். அதுக்கப்புறம்தான் நீ. நீ வந்த அன்னிக்கே மாமியா உன்னை உக்கார வச்சு சொன்னாளா இல்லியா?

— சொன்னாங்க. மூத்தவ மண்வெட்டி மண்ணுல பட்ட பிறகுதான் எளையவ மண்வெட்டி படணும்னு சொன்னாங்க. மூத்தவ மண்வெட்டி வாரக்கணக்கா சுவத்துல தொங்கினா எளையவ என்ன பண்ணணும்னு சொல்லாமயே செத்துப் போய்ட்டாங்க.

— செத்தவளை இழுக்காதே.

— நான் யாரை இழுக்கட்டும்? விதை போட்டு எட்டு வாரம் ஆச்சு. மூணாவது வாரம் கொத்தியிருக்கணும். ஊர்ல எல்லாரும் கொத்தியாச்சு, ரெண்டாந்தரமும் கொத்தியாச்சு. நான் உங்க வாசல்ல வந்து நின்னேன். முட்டி வலின்னீங்க. அடுத்த வாரம் வந்தேன். கெம் ஊர்ல யாரோ செத்துட்டாங்கன்னு கிளம்பிப் போய் நாலு நாள் இருந்துட்டு வந்தீங்க. அதுக்கடுத்த வாரம் சர்ச் பொம்பளைங்க கூட்டம். அப்புறம் மழை. மழை விட்டதும் மறுபடியும் முட்டி வலி. போன வாரம் காரணம்கூட சொல்லல. நான் வர்றது தெரிஞ்சதும் கதவைச் சாத்திக்கிட்டீங்க.

— முட்டி வலிச்சா வலிக்குதுன்னுதான் சொல்லுவேன். உனக்குப் பயந்துக்கிட்டு ஆடச் சொல்றியா?

— அந்த முட்டியோடதானே சந்தைக்கு நடந்து போய்த் தக்காளி வித்துட்டு வந்தீங்க? போகவர ரெண்டு மணி நேரம். சும்மா சொல்லாதீங்க அக்கா. உங்களுக்கு என் கொல்லை வெளங்கக்கூடாது. அவ்வளவுதான். போன வருஷம் என் சோளம் உங்க சோளத்தைவிட உசரமா வந்ததுல்ல, அதுலேர்ந்து உங்களுக்குப் பத்தி எரியுது.

— கேளு, உயோமாக்காரி. ஏரிக்கரையில ஒமேனா மீன் காயப்போட்டு வளர்ந்தவ நீ. உன் சோளத்தைப் பாத்து நான் பொறாமைப்படவா? இங்க வந்த முதல் வருஷம் நீ என்ன பண்ணினேன்னு மறந்துபோச்சா? கீரையையெல்லாம் வேரோட பிடுங்கி வரப்புல எறிஞ்சுட்டு, துணியில ஒட்டற முள்ளுச்செடியைத் தண்ணி ஊத்தி வளர்த்தவ நீ. அருகை மண்ணு உதறி வெயில்ல போடணும், இல்லன்னா மறுபடி வேர் விடும்னு காட்டினது யாரு? கோரையை மேலாப்ல வெட்டினா ஒண்ணு பத்தாகும், அடியில இருக்கற கிழங்கைத் தோண்டணும்னு சொன்னது யாரு? இந்த அபுதோ. இந்தச் சுத்துப்பட்டுல களை தெரியாத மருமக வந்தா என்கிட்டத்தான் கூட்டிட்டு வருவாங்க.

— அவ்வளவு தெரிஞ்சவங்களுக்குக் கயோங்கோ தெரியாதா? என் கொல்லை கெடக்கற கெடப்பு வரப்புல நின்னாலே தெரியுமே. மழை பெஞ்சும் சோளம் வாடிப்போய் நிக்குது. முழங்கால் தாண்டல. இலையெல்லாம் தொங்குது. தண்ணி பத்தாம இல்ல. அடியில அது வேரைப் பிடிச்சு உறிஞ்சுக்கிட்டு இருக்கு. வெளிய தலை காட்டறதுக்கு முன்னாலயே பாதி குடிச்சிடுது. அதனாலதான் நான் மூணாவது வாரமே உங்க வாசலுக்கு ஓடி வந்தேன்.

— கயோங்கோ என்ன இன்னிக்கு நேத்தா இருக்கு? என் அம்மா கொல்லையிலயும் இருந்துச்சு. கொத்துவோம், இருக்கறதை அறுப்போம். யாரும் அதுக்காக முறையை மீறல.

— ஒரு தடவை பூத்து வெடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? விதை விதையாவே இருக்காது. மாவு மாதிரி இருக்கும். உள்ளங்கையில வச்சு ஊதினா கண்ணுக்குக்கூட தெரியாமப் போயிடும். ஒரே ஒரு செடி போதும், கொல்லை முழுக்கப் பரவிடும். அப்புறம் இருபது வருஷம் மண்ணுக்குள்ள கெடக்குமாம். எப்ப சோளம் போட்டாலும் எழுந்து வருமாம். என் அவிதிக்கு இப்ப மூணு வயசு. அவ கல்யாணம் ஆகிப் போன பிறகும் நான் அந்தக் கொல்லையில நின்னு அழுதுக்கிட்டு இருக்கணும்.

— யாரு சொன்னா? அந்தக் குடை பிடிச்சுக்கிட்டு வந்த மேடமா?

— ஆமா, விவசாய ஆபீஸ் மேடம்தான். கூட்டத்துக்கு உங்களையும்தான் கூப்பிட்டாங்க. நீங்க வரல.

— மண்ணுல கை வைக்காதவ பேச்சைக் கேட்டுக்கிட்டு மூத்தவளைத் தாண்டிட்ட. அந்த மேடத்துக்குச் சிரா தெரியுமா?

— அந்தப் பேச்சு வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? முறை தப்பின வீட்டுக்குள்ள சிரா வரும். ஆஸ்பத்திரி மருந்துக்கு அடங்காது. பெரியவங்களைத் தொடாது, சின்னதைத்தான் முதல்ல பிடிக்கும். தின்னாலும் ஒட்டாது. இளைச்சு இளைச்சு எலும்பாகும். அசெம்போவுல ஒருத்தி, மூத்தவ ஊர்ல இல்லாதப்ப விதை போட்டா. அடுத்த அறுவடைக்குள்ள ரெண்டு புள்ளையும்...

— வாயை மூடுங்க அக்கா. என் புள்ளை உள்ள தூங்குது.

— என்னையா வாயை மூடச் சொல்ற?

— மூடித்தான் ஆகணும். அவளைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா நீங்க மூத்தவங்கன்னு பாக்க மாட்டேன்.

— பாக்காம என்ன பண்ணுவே? அடிப்பியா? அடி. சாயங்காலம் மாடு திரும்பற நேரத்துக்கு ஒயூகி வர்றான். புருஷன் மொம்பாசாவுல இருந்தா, புருஷனோட அண்ணன்தான் கேக்கணும். சேமேக்காரி அவன்கிட்டயும் போய்ச் சொல்லிட்டா. அவன் வந்ததும் அடிச்சதையும் சேத்துச் சொல்லு.

— நீங்க சொல்லி அனுப்பலியா?

— நான் எதுக்கு அனுப்பணும்? ஓடையில அத்தனை பேர் நடுவுல அவ சிரிச்சுக்கிட்டே கேக்கறா, என்ன மிகாயி, உன் எளையவ உன்னைத் தாண்டிட்டாளாமேன்னு. மிகாயின்னு ஒரு மூத்த பொண்டாட்டியைக் கூப்பிடற மரியாதை அதுல இருந்துச்சா? நான் குடத்தைப் பாதியிலயே விட்டுட்டு வந்தேன். நீ பிடுங்கினதைக் கொண்டு போய் ஓடையில எறியப் போறேன். எங்க வச்சிருக்க? இந்தக் கூடையிலதானே? இந்தா. இந்தா உன் கயோங்கோ. இதுக்காகத்தானே என் மானத்தை வாங்கினே?

— அதைக் கீழ வைங்க.

— வைக்க மாட்டேன். இதைக் கையில பிடிச்சுக்கிட்டே ஒயூகி முன்னால நிப்பேன். பாரு, உன் தம்பி பொண்டாட்டி பிடுங்கின கயோங்கோன்னு காட்டுவேன்.

— அது கீரை.

— என்னது?

— உங்க கையில இருக்கறது கீரை. ராத்திரி உகாலிக் களிக்குத் தொட்டுக்க நான் பறிச்சு வச்சது. உள்ளங்கை அளவுக்கு இலை இருக்கு பாருங்க. கயோங்கோ அந்தச் சாக்குல இருக்கு, உங்க கால்கிட்ட. ஊதாப் பூ வாய் வழியா வெளிய தொங்குது. எரிக்கறதுக்காகக் கட்டி வச்சிருக்கேன்.

— எனக்குத் தெரியும். கோவத்துல கை மாறிப்போச்சு.

— கை மாறல. மோந்து பாத்துட்டு எடுத்தீங்க. நான் பாத்தேன்.

— வெயில் கண்ணுல அடிக்குது.

— வெயில் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு அக்கா.

— கீரையை எடுத்துக்கோ. மிதிபடப் போகுது.

— எப்பலேர்ந்து?

— எப்பலேர்ந்துன்னா என்ன?

— கண்ணு எப்பலேர்ந்து தெரியல?

— தெரியுது. நீ நிக்கறது தெரியுது. வாசல் தெரியுது, மாடு தெரியுது. சந்தைக்கு வழி என் காலுக்கே தெரியும். தக்காளி பழுத்துச்சா இல்லியான்னு அமுக்கினா தெரியும். போன அறுவடையிலேர்ந்து நடுவுல பால் ஊத்தின மாதிரி இருக்கு. இலைதான் பிரிய மாட்டேங்குது. குனிஞ்சா எல்லாம் பச்சையா இருக்கு. எது எதுன்னு தெரியல.

— இதைச் சொல்ல அஞ்சு வாரமா உங்களுக்கு?

— யார்கிட்டச் சொல்ல? சேமேக்காரிகிட்டயா?

— என்கிட்டச் சொல்லியிருக்கணும். என் வாசல் உங்க வாசல்லேர்ந்து இருபதடி. நான் முட்டாள் மாதிரி வாரா வாரம் வந்து நின்னேனே. அக்கா கொத்துங்க, அக்கா ஒரே ஒரு கொத்து போடுங்கன்னு கெஞ்சினேனே. களை தெரியலைன்னா போகட்டும். கொத்தறதுக்குக் கண்ணு எதுக்கு? வெறும் மண்ணுல ஒரு கொத்து கொத்தியிருந்தாலும் நான் அன்னிக்கே என் கொல்லையில இறங்கியிருப்பேன்.

— நான் கொல்லைக்குப் போனா வரப்புல நாலு பொம்பளைங்க நின்னு பாப்பாங்க, எப்பவும். அபுதோ கொத்தறதைப் பாருங்கன்னு மருமகளுங்களுக்குக் காட்டுவாங்க. அவங்க முன்னால நான் வெறும் மண்ணைக் கொத்தவா?

— உங்களுக்கு அந்த நாலு பொம்பளைங்க பெருசு. என் கொல்லை செத்தா பரவால்ல.

— உனக்குப் புரியாது. நைரோபியில இருக்கான் என் மூத்தவன். அவன் காதுல விழுந்தா அடுத்த பஸ்லயே வந்து கூட்டிட்டுப் போயிடுவான். மருமக அடுப்புப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வச்சு, அம்மா நீங்க எதையும் தொட வேண்டாம்பான். நான் அங்க எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது? அதுவும் தெரியாது. அப்புறம் இந்த வீட்டுல முதல் விதை யாரு எடுப்பா? நீ.

— நான் அதைக் கேட்டேனா? பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது கேட்டேனா? உங்க கொல்லைக்குள்ள எளையவ கால் வைக்கக்கூடாதுன்னீங்க, நான் வரப்பைத் தாண்டினதில்ல. இடுப்பளவு காடு மண்டிக் கெடக்கு, பாத்து பாத்து மனசு கேக்காம நின்னேன், அப்பக்கூட உள்ள வரல. உங்களுக்கு அடங்கித்தானே கெடந்தேன்? அதுக்கு எனக்கு என்ன கெடைச்சுச்சு? பூத்துக் கெடக்குது. இன்னிக்கு நான் பிடுங்கினது கால்வாசி. மீதி நாலு நாளுல வெடிச்சிடும்.

— ஒயூகிகிட்ட நான் பேசிக்கறேன். கோவப்பட மாட்டான்.

— ஒயூகி மச்சான் கோவத்துக்கு யாரு பயந்தா? உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? நான் கொல்லையிலேர்ந்து திரும்பி வந்தப்ப அவிதிக்கு உடம்பு கொதிக்குது.

— என்ன சொல்ற?

— நேத்து ராத்திரி நல்லா இருந்தா. ரெண்டு தடவை உகாலி கேட்டு வாங்கித் தின்னா. காலையில நான் கயோங்கோ பிடுங்கிட்டு வந்து தொடறேன், அடுப்புக் கல்லு மாதிரி இருக்கா. தூக்கிக்கிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். விரல்ல குத்தி ரத்தம் பாத்தாங்க. மலேரியா இல்லையாம். வேற எதுன்னும் அவங்களுக்குத் தெரியலையாம். ஒரு சிரப்பைக் கொடுத்து அனுப்பிட்டாங்க.

— இதை ஏன் நீ முதல்லயே சொல்லல?

— சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். சிரான்னுதான் சொல்லுவீங்க. நான் சொல்லாமயே சொன்னீங்களே. சின்னதைத்தான் முதல்ல பிடிக்கும்னு என் மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னீங்க.

— அகொலா, கேளு...

— நீங்க கேளுங்க. காலையிலேர்ந்து அவளை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவளைத் தொடவே எனக்கு பயமா இருக்கு. எந்தக் கையால பிடுங்கினேனோ அதே கையாலதானே தொடறேன். ஒரு கொல்லை சோளத்துக்காக நானே என் புள்ளையைக் கொடுத்துட்டேனான்னு யோசிச்சு யோசிச்சுத் தலை வெடிக்குது. நீங்க கத்திக்கிட்டே வந்தப்ப எனக்கு ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, யார் மேலயாவது எரிஞ்சு விழலாம்னு.

— அவ பால் குடிச்சாளா? தண்ணியாவது இறங்குதா?

— இறங்கல. வாந்தி எடுத்துட்டா.

— நான் உள்ள போய்ப் பாக்கறேன்.

— உள்ள போக வேண்டாம். நீங்க இங்கயே நில்லுங்க. எனக்கு ஒரு வழி தோணுது. இப்பவே வாங்க, என் கையைப் பிடிச்சுக்கோங்க. உங்க கொல்லையில ஒரே ஒரு கொத்து போடுங்க. எது களைன்னு நான் காட்டறேன், யாரும் பாக்கறதுக்கு முன்னால முடிச்சிடலாம். ஒயூகி மச்சான் வந்தா, நேத்தே நான் கொத்தியாச்சுன்னு நீங்க சொல்லணும். உங்க கண்ணைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன், சாகற வரைக்கும்.

— வேண்டாம்.

— ஏன் வேண்டாம்?

— அது பொய்.

— அஞ்சு வாரம் முட்டி வலின்னு சொன்னீங்களே, அது என்ன?

— அது ஒயூகிகிட்ட எடுபடும். சிராகிட்ட எடுபடாது. ஒயூகியை ஏமாத்தலாம், சிரா யார் சொல்றதையும் கேட்டு வர்றதில்ல.

— சரி. அப்ப வேற வழி இல்ல. மச்சான் வரட்டும். நான் மண்டி போடறேன். மூத்தவளைத் தாண்டினேன், தப்பு என்னுதுன்னு சொல்றேன். சிராவுக்குன்னு அந்தக் கசப்பு வேர்க் கஷாயத்தைக் காய்ச்சச் சொல்லுவாங்கல்ல, நானும் குடிக்கறேன், அவிதிக்கும் கொடுக்கறேன். இந்தப் போகம் முடியற வரைக்கும் கொல்லையைத் தொடாதேன்னு சொன்னா, தொட மாட்டேன். பூக்கட்டும். வெடிக்கட்டும். இருபது வருஷம் அங்க ஒரு சோளக்கதிர்கூட வரலைன்னாலும் போகட்டும். ஆனா என் புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அக்கா, உங்க மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். நீங்க செத்தாலும் உங்க மண்ணுல ஒரு பிடி போட வரமாட்டேன்.

— அந்தக் கஷாயம் புள்ளைக்கு வேண்டாம். சுரத்தோட அது தாங்காது.

— நீங்க யாரு வேண்டாம்னு சொல்ல? சிரா வந்தா வேற என்ன மருந்து இருக்கு?

— அவளுக்கு வந்தது வெறும் சுரம். ஈரத்துணி போடு, சிரப்பைக் கொடு, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு போ. நானும் வர்றேன்.

— அதெப்படி உங்களுக்குத் தெரியும்? இப்பதானே சிரா சிரான்னு கத்தினீங்க? கண்ணுதான் போச்சுன்னா புத்தியும் போச்சா?

— நீ முறை தப்பல, அகொலா. அதனால தெரியும்.

— என்ன உளர்றீங்க?

— சோளம் சாணளவு இருந்தப்ப, நீ பொண்டோ சந்தைக்குப் போன அன்னிக்கு, வரப்புல யாரும் இல்லாத நேரம் பாத்து நான் மண்வெட்டியை எடுத்துக்கிட்டு என் கொல்லையில இறங்கினேன். ஓடையோரமா ஒரு சால் முழுக்கக் கொத்தினேன். உனக்கு அன்னிக்கே வழி விட்டாச்சு, அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரல. கொத்தி முடிச்சு, வெட்டினதைக் கையால தடவிப் பாத்தேன். விழுந்து கெடந்தது அத்தனையும் சோளம்.